தாளத்துக்குப் போன கைகள்

திருத்தங்கல்
12.2.2007

பாலகுருவுக்கு,

உன் அக்கா மாரிசெல்வி எழுதுகிறேன். உன் விலாசத்தை முனியராஜ் கொடுத்தான். பல்லடம் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்ததாகவும், நீ அங்கே தறி ஓட்டுவதாகவும் சொன்னான். சொன்னான் என்றால் எழுதிக் காட்டினான். எனக்கு இரண்டு காதும் கேட்காது. போனில் பேச வழியில்லாததால்தான் இந்தக் கடிதம். நலமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் இருபத்தொரு நாள் கிடந்தேன். முதுகிலும் இடது கையிலும் பட்ட தீக்காயம் ஆறிவிட்டது. காதில் சவ்வு கிழிந்ததோடு உள்ளே நரம்பும் போய்விட்டது என்று டாக்டர் எழுதிக் காட்டினார். வெளியே இடி விழுந்தாலும் தெரியாது. ஆனால் உள்ளே பாட்டு ஓடுகிறது. செப்டம்பர் பதிமூன்றாம் தேதி பட்டாசுக் கம்பெனி ரேடியோ செட்டில் நீ திரும்பத் திரும்பப் போட்டாயே, அதே பாட்டு. முதல் சரணம் முடிந்து மேளம் மட்டும் தனியாக வருமே, அந்த இடம். அது முடிந்ததும் மறுபடி அதே இடம். சோறு பொங்கும்போதும் அதுதான், துணி துவைக்கும்போதும் அதுதான். காது போன சிலருக்கு மூளையே இப்படிச் சத்தம் உண்டாக்கிக்கொள்ளும், பைத்தியம் என்று நினைத்துப் பயப்படாதே என்று டாக்டர் எழுதினார். பயப்படவில்லை. ஆனால் வேறு ஒன்றை நினைக்க வேண்டும் என்றால் அந்த மேளத்தின் இடுக்கில் நுழைத்து நுழைத்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

உன்னை நோகடிக்க இதை எழுதவில்லை. விஷயம் வேறு.

எங்கள் மருந்து அறையில் குருவம்மாளும் முத்துப்பேச்சியும் செத்தார்கள். குருவம்மாள் மருந்தைக் கவனக்குறைவாகக் கையாண்டதால்தான் வெடித்தது என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. கீழே போர்மேன் அய்யாதுரை கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது தெருவுக்குத் தெரிந்த அன்றே முத்துப்பேச்சி வீட்டு ஆட்கள் வந்து குருவம்மாள் புருஷன் கோட்டைச்சாமி வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். குருவம்மாளின் மகள் அருணாதேவி ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். "ஆளைக் கொன்னவ மக" என்று பிள்ளைகள் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்களாம்.

மே ஒன்பதாம் தேதி விருதுநகரில் விசாரணை வைத்திருக்கிறார்கள். நீ வந்து, வேகமான பாட்டாகப் போடச் சொன்னதும் ஸ்பீக்கரை மருந்து அறைப் பக்கம் கட்டச் சொன்னதும் அய்யாதுரைதான் என்று சொல்ல வேண்டும். உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

மாரிசெல்வி


பல்லடம்
21.2.2007

அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

உனக்குக் காது போனது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் வந்தேன். வார்டு வாசலில் நின்றேன். நர்ஸ் உன் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டார். நீ ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாய். அங்கிருந்து அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

இங்கே ஒரே கூடத்தில் இருபத்துநாலு தறி. பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார்கள், நான் வைப்பதில்லை. அந்தச் சத்தத்துக்குள் நின்றுவிட்டால் தலைக்குள் எதுவும் வராது. கரண்ட் போனால்தான் தொந்தரவு. எல்லாத் தறியும் ஒன்றாக நிற்கும். மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். நான் கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பேன்.

விசாரணைக்கு நான் வரவில்லை. ரேடியோ செட்காரன் சொல்வதை யார் எழுதிக்கொள்ளப் போகிறார்கள்? செத்தவர்கள் எழுந்து வரவா போகிறார்கள்? நீ உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு இனிமேல் எழுத வேண்டாம்.

பாலகுரு


திருத்தங்கல்
4.3.2007

பாலகுருவுக்கு,

செத்தவர்கள் எழுந்து வர மாட்டார்கள் என்று நீ எனக்குச் சொல்ல வேண்டாம். கடைசியாக அவர்களைப் பார்த்தவள் நான்.

நீ ரேடியோ அறையில் இருந்தாய். எங்கள் அறையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்.

புஸ்வாணப் பூச்சட்டிக்குள் மருந்தைப் போட்டு மரக்குச்சியால் தட்டி இறுக்குவோம். பிள்ளைக்கு முதுகில் தட்டுகிற மாதிரிதான் தட்ட வேண்டும். ஓங்கிக் குத்தினால் உரசும். குருவம்மாள் பதினோரு வருஷம் அந்த வேலை பார்த்தவள். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் கையைப் பிடித்துக் காட்டுவாள். அவளைத்தான் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள்.

வேப்பமரத்தில் நீ ஸ்பீக்கர் கட்டி ஒன்பது நாள் ஆகியிருந்தது. முதல் இரண்டு நாள் பாட்டை நாங்கள் கேட்டோம். அதற்கப்புறம் கேட்கவில்லை. கை கேட்டது. மேளம் எப்படி விழுகிறதோ அப்படிக் குச்சி விழும். மூன்று பேருடைய குச்சியும் ஒரே நேரத்தில் விழும். யாரும் வேகமாகத் தட்ட வேண்டும் என்று நினைத்துத் தட்டவில்லை. அய்யாதுரை வாசலில் வந்து பார்த்துவிட்டு, "இன்னும் நாலு நாள்ல லோடு ஏறணும் தாயி, இப்படியே போகட்டும்" என்றார்.

அன்றைக்கு மூன்று மணிக்கு மேல் ஒரே பாட்டை ஐந்து தடவை போட்டாய். ஐந்தாவது தடவை மேளம் வருகிற இடத்தில் நான் நிரம்பிய தட்டை எடுத்துக்கொண்டு காயவைக்கும் மேடைக்குக் கிளம்பினேன். வாசலில் திரும்பிப் பார்த்தேன். குருவம்மாளின் கை தோளுக்கு மேலே போய் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் முகம் மட்டும் சுவரைப் பார்த்து வெறித்திருந்தது. பதினைந்து அடி நடந்திருப்பேன். பிறகு ஆஸ்பத்திரிதான் ஞாபகம்.

அருணாதேவி பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். கோட்டைச்சாமி யார் முகத்தையும் பார்ப்பதில்லை. தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறவர், ஊரைச் சுற்றிக்கொண்டு பின்பாதை வழியாகப் போகிறார்.

அய்யாதுரை சொன்னார், நீ செய்தாய். அதைச் சொல்ல உனக்கு என்ன பயம்? அவர் உன்னை என்ன செய்துவிடுவார்?

மாரிசெல்வி


பல்லடம்
19.3.2007

அக்காவுக்கு,

அய்யாதுரை சொல்லவில்லை.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு நாலு நாள் ஆகிறது. இனி முழுவதும் எழுதிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளிக்கு ரேடியோ செட் போடப் போயிருந்தேன். ஆற்று மணலில் கூட்டம். நான் உறுமி மேளக் கேசட் ஒன்றைப் போட்டேன். பக்கத்தில் தீச்சட்டியோடு நின்றிருந்த ஒரு அம்மாவுக்கு உடம்பு ஆட ஆரம்பித்தது. வேடிக்கையாகச் சத்தத்தைக் குறைத்தேன். ஆட்டம் நின்றது. கூட்டினேன். மறுபடி ஆடினார்கள். மூன்று தடவை செய்தேன். அந்த அம்மாவுக்கு நான் யாரென்றே தெரியாது. என் விரல் ஒரு திருகைத் திருப்புகிறது, அங்கே ஒரு ஆள் தன்னை மறந்து ஆடுகிறது. பயந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கம்பெனியில் முதலில் பேக்கிங் ஷெட்டில் மட்டும்தான் ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். காலையில் சாமிப் பாட்டு, மத்தியானம் பழைய பாட்டு. பழைய பாட்டு ஓடும்போது கைகள் மெதுவாகப் போவதையும், குத்துப் பாட்டு வந்ததும் ஓடுவதையும் நான் கவனித்தேன். ஒரு நாள் அய்யாதுரையைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, ஒரு வேடிக்கை பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டை மாற்றினேன். நாற்பது பெண்களுடைய கையும் மாறியது. ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஏலே, நீ பெரிய மந்திரவாதியால்ல இருக்கே" என்று என் முதுகில் தட்டினார். இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னார். செய்தேன்.

"மருந்து அறைப் பக்கமும் ஒன்னு கட்டுவோமா அண்ணாச்சி?" என்று கேட்டவன் நான்தான் அக்கா. அவர் யோசித்தார். "அங்கன வேண்டாம்லே, மருந்து புழங்குற எடம்" என்றார். நான் விடவில்லை. "வேப்பமரத்துலதான கட்டப்போறேன். வயரு ரூமுக்குப் பக்கத்துலயே வராது" என்றேன். வயரில் தீப்பொறி வருமா என்று மட்டும்தான் யோசித்தேன். கையைப் பற்றி யோசிக்கவில்லை. கை எப்படி ஓடும் என்று ஊரிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அப்புறம் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. வெடித்த அன்றைக்கு மூன்று மணிக்கு வந்து, "சத்தத்தக் கூட்டுலே" என்றார். கூட்டினேன். ஆனால் ஆரம்பித்தது நான்.

நம் மனசு நம்மிடம்தான் இருக்கிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். காதை மூட வழியில்லாத ஒருவனுடைய மனசு, எந்த நேரமும் வேறொருவன் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துதான் கிடக்கிறது. நான் எடுத்துக்கொண்டேன். உன்னுடையதையும் சேர்த்து.

இப்போது சொல். நான் வந்து என்ன சொல்லட்டும்?

பாலகுரு


திருத்தங்கல்
15.4.2007

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். போடவில்லை. மூன்று வாரம் உனக்குப் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். என் பங்கையும் நான் எழுதாவிட்டால் உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது குருவம்மாள் என்னிடம் சொன்னாள். "அடியே செல்வி, ஒந் தம்பிகிட்டச் சொல்லி அந்தப் பாட்டுக் கொழாயை வேற பக்கம் திருப்பச் சொல்லு. எங்கை எம் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. காதுல துணிய அடைச்சுப் பார்த்துட்டேன், நெஞ்சுக்குள்ள வந்து தட்டுது. எனக்குப் பயமா இருக்கு."

"சொல்றேன் மதினி" என்றேன்.

சாப்பிட்டுவிட்டுக் குடத்தில் தண்ணீர் எடுக்க உன் அறையைத் தாண்டித்தான் போனேன். நீ தலையை வெளியே நீட்டி, "என்னக்கா, பாட்டு எப்படி?" என்று சிரித்தாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நான், "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மறந்து போகவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

என் பிள்ளை காய்ச்சலில் போய் அப்போது ஒன்றரை வருஷம். எங்கே உட்கார்ந்தாலும் அவனுடைய மூச்சு இழுக்கிற சத்தம்தான் எனக்குக் கேட்கும். பிள்ளை போனதுக்கு என்னைக் குறை சொல்லிவிட்டு அவன் அப்பாவும் என்னை விட்டுப் போய்விட்டார். அந்த ஒன்பது நாள், உன் ஸ்பீக்கர் ஓடின நேரம் மட்டும்தான் அந்தச் சத்தம் நின்றது. மேளம் என் தலையில் இருந்த எல்லாவற்றையும் துடைத்துவிடும். கை தன்பாட்டுக்குத் தட்டும், நான் எங்கேயும் இருக்க மாட்டேன். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குருவம்மாளின் பயத்தைவிட எனக்கு அது பெரிதாகத் தெரிந்தது.

நீ திருகைத் திருப்பினாய். ஸ்பீக்கரைத் திருப்பச் சொன்னவளின் வாயை நான் அடைத்தேன். கோட்டைச்சாமி இதை அறிய மாட்டார். வாரம் ஒரு தடவை நான் அங்கே போய்க் கொஞ்சம் குழம்பு கொடுத்துவிட்டு வருகிறேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து எழுந்து நிற்கிறது.

என்ன சொல்லட்டும் என்று கேட்டாய். நடந்ததைச் சொல். அய்யாதுரை சொன்னதை அய்யாதுரை சொன்னதாகச் சொல், நீ செய்ததை நீ செய்ததாகச் சொல். உனக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. நல்லது வராது. அப்படியும் வா.

உன் அக்கா
மாரிசெல்வி


பல்லடம்
23.4.2007

அக்காவுக்கு,

வருகிறேன். வீட்டுக்கு வர மாட்டேன். நேராக விருதுநகருக்கு வந்து அப்படியே திரும்பிவிடுவேன்.

நீ எழுதியதை விசாரணையில் சொல்லாதே. எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். நீ அன்றைக்கு என்னிடம் சொல்லியிருந்தாலும் நான் ஸ்பீக்கரைத் திருப்பியிருக்க மாட்டேன். சிரித்திருப்பேன். அதுதான் உண்மை.

பாலகுரு


திருத்தங்கல்
11.5.2007

தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? முத்துப்பேச்சியின் அண்ணன் உன்னை அடித்ததில் உதட்டில் ரத்தம் வந்ததைப் பார்த்தேன். போலீஸ்காரர் உன்னைப் பஸ்ஸில் ஏற்றியதையும் பார்த்தேன். நான் ஓடி வருவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. நான் கூப்பிட்டேன். சத்தம் வெளியே வந்ததா என்று எனக்குத் தெரியாது.

நான் இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். எதுவும் புரியவில்லை. வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி யாரும் நிதானமாகப் பேசவில்லை. நீ இளைத்துப் போயிருக்கிறாய், தாடி வேறு. அய்யாதுரை வெள்ளைச் சட்டையில் வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கோட்டைச்சாமி உட்காரவே இல்லை, சுவரோடு ஒட்டி நின்றார்.

அதிகாரி உன்னிடம் ஏதோ கேட்டார். முகத்தில் லேசாகச் சிரிப்பு. நீ பேசிக்கொண்டே மேசை விளிம்பில் விரலால் தட்டினாய். வெகுநேரம் தட்டினாய். எனக்கு என்னவோ போல் இருந்தது. உன் விரல் போகிற வேகத்தில் என் தலைக்குள் இருக்கிற மேளமும் போனது. பிறகு நீ கையை எடுத்துவிட்டு ஏதோ சொன்னாய். எல்லாரும் அதிகாரியின் பேனாவைப் பார்த்தார்கள். அவர் அதைக் கீழே வைத்துவிட்டார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அதற்கப்புறம்தான் நீ சொன்னதையெல்லாம் எழுத ஆரம்பித்தார். என்ன நடந்தது?

வெளியே வந்ததும் கோட்டைச்சாமி உன் சட்டையைப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். உன் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து ஏதோ சொன்னார். நீ கையெடுத்துக் கும்பிட்டாய். அவர் என்ன சொன்னார்?

எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுது. நான் அங்கே இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது.

மாரிசெல்வி


பல்லடம்
27.5.2007

அக்காவுக்கு,

உதடு ஆறிவிட்டது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இருக்கன்குடியில் ஆரம்பித்து. அதிகாரி கேட்டுவிட்டு, "தம்பி, இது நம்புற மாதிரி இல்லையே. பதினோரு வருஷம் வேலை பார்த்த அம்மா. பாட்டுக்குக் கை போகுதுன்னு தெரிஞ்சா நிறுத்திக்க வேண்டியதுதானே? மனசு வச்சா முடியாதா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே சந்தேகம்தான்.

"மனசு வைக்கத்தான் சார் விடாது" என்றேன். அது அவருக்குப் புரியவில்லை. அப்போதுதான் மேசையில் தட்ட ஆரம்பித்தேன். முதலில் மெதுவாக. அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே தட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவர் கையில் இருந்த பேனா மேசையைத் தட்ட ஆரம்பித்தது. நான் வேகத்தைக் கூட்டினேன். பேனாவும் கூட்டியது. இன்னும் கூட்டினேன். பிறகு கையை எடுத்துவிட்டு, "சார், உங்க பேனாவப் பாருங்க" என்றேன்.

அது தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"தட்டணும்னு நெனச்சீங்களா சார்?" என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அது பேனா. அவங்க கையில இருந்தது மருந்துக் குச்சி" என்றேன். "முதல்ல இருந்து சொல்லுங்க" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

ஒன்றை உன்னிடம் மறைக்கக் கூடாது. அந்தப் பேனா என் விரலைப் பின்தொடர்ந்து வந்தபோது எனக்குள் பழைய சந்தோஷம் எழுந்தது. அந்த இடத்தில், கோட்டைச்சாமிக்கு முன்னால், முத்துப்பேச்சியின் அண்ணன் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது. நான் அதை விட்டொழித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

கோட்டைச்சாமி என் காதில் சொன்னது இதுதான்: "எட்டு மாசமா அவ போட்டோவைச் சொவரப் பார்த்துத் திருப்பி வச்சிருந்தேன்லே. நானும் நம்பிட்டேன். பொண்டாட்டியப் பத்தி ஊரு சொன்னத நானும் நம்பிட்டேன்." அதற்கப்புறம், "ஒன்னை நான் மன்னிக்க மாட்டேன், போயிரு" என்றார். அதற்குத்தான் கும்பிட்டேன்.

நேற்று எனக்குச் சம்மன் வந்தது. மேலிடத்துக்குத் தெரியாமல் நானாகவே ஸ்பீக்கர் கட்டினேன் என்று கம்பெனி வக்கீல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அய்யாதுரையும் அப்படியே சொல்லியிருக்கிறார். என் பெயரைக் கேஸில் சேர்த்துவிட்டார்கள். போகட்டும். பாதி உண்மைதானே.

உன் விஷயம் நமக்குள் இருக்கட்டும். யாருக்கும் அதனால் லாபம் இல்லை.

பாலகுரு


திருத்தங்கல்
24.6.2007

தம்பிக்கு,

விசாரணை முடிவு வந்துவிட்டது. முனியராஜ் படித்துப் பார்த்து எழுதிக் காட்டினான். கவனக்குறைவு என்ற வார்த்தை இல்லை. அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைத்து வேலை வேகத்தைக் கூட்டியதால் உராய்வு ஏற்பட்டிருக்கலாம் என்று இருக்கிறது. குருவம்மாள் பெயர் இறந்தவர்கள் பட்டியலில் மட்டும்தான் வருகிறது. அய்யாதுரைக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. சீசன் ஆரம்பித்துவிட்டது. வேன்கள் விடியற்காலையிலேயே வந்து ஆள் ஏற்றுகின்றன. மேற்கே இரண்டு கம்பெனிகளில் புதிதாக ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார்களாம். பேக்கிங் ஷெட்டில் மட்டும்தான் என்கிறார்களாம்.

நீ கோர்ட்டில் ஆஜராகிற தேதியை எழுது. நானும் வருவேன். நீ வேண்டாம் என்றாலும் வருவேன்.

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் கோட்டைச்சாமி வீட்டுக்குப் போனேன். குழம்பு எடுத்துப் போகவில்லை. குருவம்மாளின் போட்டோ இப்போது நேராக இருக்கிறது, பூ வைத்திருக்கிறார்கள். நான் நின்றபடியே சொன்னேன். அவள் என்னிடம் சொல்லி அனுப்பியதையும், நான் அதை உன்னிடம் சொல்லாததையும், ஏன் சொல்லவில்லை என்பதையும். என் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று எனக்குத் தெரியாது. எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள், அதனால் சத்தமாகத்தான் வந்திருக்க வேண்டும்.

கோட்டைச்சாமி எழுந்தார். பேச ஆரம்பித்தார். கழுத்து நரம்பு புடைத்தது, எச்சில் தெறித்தது. கையை வாசலைப் பார்த்து நீட்டினார். அடித்தால் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அடிக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். எனக்குள் உன் மேளம் ஓடியது, அவர் வாய் அதற்கு மேலே அசைந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை. இந்த ஒன்பது மாதத்தில் எதைக் கேட்கவும் எனக்கு அப்படி ஆசை வந்ததில்லை. அந்தத் திட்டு எனக்கு வர வேண்டியது. அதைக்கூட வாங்க முடியாமல் நின்றேன்.

அருணாதேவியைப் பார்த்தேன். அவள் மூலையில் இருந்து நோட்டும் பென்சிலும் எடுத்து வந்தாள். இந்த மாதம் மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள், புது நோட்டு. "அப்பா சொல்றத எழுது தாயி" என்று கேட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதி என் முன்னால் பிடித்தாள்.

அவர் சொன்னது எதையும் அவள் எழுதவில்லை.

"அன்னைக்கு எங்கம்மா வேற என்னல்லாம் சொன்னாக?" என்று எழுதியிருந்தாள்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அவளுக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன். கத்தரிக்காய்க் குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள். உன் பாவாடை எட்டவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஓரம் பிரித்துவிட வேண்டும் என்றாள். நீ கணக்கில் எண்பத்தாறு வாங்கியதை முத்துப்பேச்சியிடம் இரண்டு தடவை சொன்னாள். எனக்குக் கால் வலி என்றதும் அவள் குடத்தையும் தானே எடுக்கிறேன் என்றாள், நான்தான் விடவில்லை. ஞாபகம் வந்ததையெல்லாம் எழுதினேன். ஒரு பக்கம் முடிய முடிய அவள் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பி வைத்தாள். அவளுக்குப் பின்னால் நின்று கோட்டைச்சாமி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பிறகு வாய் நின்றுவிட்டது. அவரும் குனிந்து படிக்க ஆரம்பித்தார்.

அக்கா
மாரிசெல்வி